போத்தல் கழுவும் சுடுதண்ணீர், லொறி டீசல், அடுப்பு நெருப்பு: பிளாஸ்டிக்கின் சக்திக் கணக்கு

கேள்வி சுருக்கமாக இதுதான். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் சில குடும்பங்கள் சேர்ந்து சோடாப் போத்தல், ஐஸ்கிரீம் டப்பா, யோகட் கப், ஷொப்பிங் பேக் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறார்கள். விறகு அடுப்பில் தண்ணீர் சுடவைத்துக் கழுவுகிறார்கள். பிறகு ஓட்டோ பிடித்து ஹட்டனில் பழைய போத்தல் எடுக்கும் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து லொறியில் கொழும்புப் பக்கம் போகிறது. "விறகு, பெட்ரோல், டீசல், ஆலையில் கரண்ட் என்று இவ்வளவையும் செலவழித்த பிறகு மிச்சம் ஏதாவது இருக்கிறதா? பேசாமல் அடுப்பில் போட்டால் அந்தச் சூடாவது கிடைக்காதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மிச்சம் இருக்கிறது, அதுவும் நிறைய. ஆனால் நீங்கள் செய்கிற முறையில் அதில் பெரும்பகுதி கைநழுவிப் போகிறது. எல்லோரும் குறைசொல்வது கொழும்புக்குப் போகும் லொறியைத்தான். உண்மையில் மிச்சத்தைத் தின்பது சுடுதண்ணீரும் தனி ஓட்டோவும். அடுப்பில் போடுவது எந்தக் கணக்கிலும் தேறாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பிளாஸ்டிக்குக்குள் எவ்வளவு சக்தி அடங்கியிருக்கிறது என்று தெரிய வேண்டும். கணக்குக்கு மெகாஜூல் என்ற அளவை எடுத்துக்கொள்வோம். கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட் 3.6 மெகாஜூல். ஒரு லீட்டர் டீசலில் ஏறத்தாழ 36, பெட்ரோலில் 32, ஒரு கிலோ காய்ந்த விறகில் 15 அல்லது 16, ஒரு கிலோ சமையல் கேஸில் 46 மெகாஜூல்.

சோடாப் போத்தலும் தண்ணீர்ப் போத்தலும் பெட் என்னும் வகை. அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். அதன் மூலப்பொருளை ஒரு கிலோ புதிதாக உற்பத்தி செய்ய ஏறத்தாழ 80 மெகாஜூல் ஆகிறது. அதைச் சூடாக்கி ஊதிப் போத்தலாக்க இன்னும் 20 அளவில். ஆகக் கிலோவுக்கு 100. இதில் ஒரு பெரும் பங்கு எரிக்கப்பட்ட கனிய எண்ணெய் அல்ல, பிளாஸ்டிக் என்ற பொருளாகவே மாறிவிட்ட கனிய எண்ணெய். ஷொப்பிங் பேக், கேன், ஐஸ்கிரீம் டப்பா, யோகட் கப் ஆகியவற்றுக்கும் வார்ப்புச் செலவோடு சேர்த்துக் கிலோவுக்கு 90 முதல் 100 என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது.

ஒன்றரை லீட்டர் வெற்றுப் போத்தல் ஒன்றின் எடை சுமார் 32 கிராம். அப்படியானால் ஒரு போத்தலுக்குள் 3.2 மெகாஜூல். 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்றில் உள்ள மொத்தச் சக்தியும் இப்படி 180 போத்தலுக்குச் சமம். ஒரு கல்யாண வீட்டில் ஒரு நாளில் சேருகிற போத்தல் அதற்கும் மேலே போகும்.

அந்தப் போத்தலை மீள்சுழற்சிக்குக் கொடுத்தால் 3.2 முழுவதும் திரும்பி வராது. பழைய போத்தலை நொறுக்கி, கழுவி, உருக்கி, மறுபடி மூலப்பொருளாக்கக் கிலோவுக்கு 20 மெகாஜூல் அளவு வேண்டும். புதிதாகச் செய்ய 80. எனவே கிலோவுக்கு 60 மிச்சம். ஒரு போத்தலுக்கு 1.9. இந்த 1.9 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போத்தல் உங்கள் கையிலிருந்து ஆலைக்குப் போய்ச் சேரும்வரை ஆகும் எல்லாச் செலவும் இதற்குள்ளே அடங்க வேண்டும்.

இனிச் சுடுதண்ணீர். மலைநாட்டுப் பீலித் தண்ணீர் காலையில் 15 பாகை அளவில் இருக்கும். ஒரு லீட்டரை 60 பாகைக்குச் சூடாக்கத் தண்ணீருக்குள் போக வேண்டிய சூடு 0.19 மெகாஜூல்தான். ஆனால் மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே பானைக்குள் போகிறது. ஓரளவு நல்ல மண் அடுப்பில் நூற்றுக்குப் பதினைந்து போகலாம். மீதி புகையோடும் சுவரோடும் போய்விடுகிறது. அதனால் அந்த ஒரு லீட்டருக்கு 1.25 முதல் 1.9 மெகாஜூல் விறகு, எடையில் 80 முதல் 120 கிராம், எரிகிறது. போத்தலுக்கு ஒரு லீட்டர் சுடுதண்ணீர் வீதம் கழுவினால் மீள்சுழற்சியின் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் முழுவதும்வரை அங்கேயே போய்விட்டது. கேஸ் அடுப்பு என்றால் 0.38, கரண்ட் கேத்தல் என்றால் 0.22, அவை பரவாயில்லை, ஆனால் அவையும் வீண்தான். விறகு மறுபடி வளருமே என்று சொல்லலாம். வளரும். அதைப் பொறுக்கிக் கட்டித் தலையில் வைத்து மலையேறி வருகிற பெண்ணின் உழைப்புத் திரும்பி வராது.

மீள்சுழற்சிக்குக் கொடுக்கும் போத்தலுக்குச் சுடுதண்ணீர் தேவையே இல்லை. ஆலையில் அதை எப்படியும் 80 பாகைக்கு மேலே காரம் (எரிசோடா) கலந்த தண்ணீரில் ஒரு தடவை கழுவத்தான் போகிறார்கள். வீட்டில் வேண்டியது நாற்றமும் எறும்பும் பூசணமும் வராத அளவுக்கு மட்டும். கால் கோப்பை பச்சைத் தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, நாலு குலுக்கு, ஊற்றிவிட்டுத் தலைகீழாகச் சாய்த்து வையுங்கள். பாத்திரம் அலசிய தண்ணீரே போதும். பீலி தானாக ஓடி வருவதால் அதை இறைக்கவும் கரண்ட் ஆகவில்லை.

எண்ணெய்ப் பிடித்த டப்பாதான் மலைநாட்டில் தனிப் பிரச்சினை. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். கொழும்பில் பச்சைத் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் போகிற எண்ணெய், நுவரெலியாவில் மெழுகு மாதிரிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் இங்கே எல்லோரும் தண்ணீரைச் சுடவைக்கிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது உலர்ந்த முறையில் துடைப்பது: பழைய பத்திரிகைத் துண்டு அல்லது ஒரு பிடி அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்த்துக் கொட்டினால் எண்ணெயில் பெரும்பகுதி அதோடு வந்துவிடும். மீதிக்கு 40 பாகை வெதுவெதுப்பே தாராளம். சோறு வடித்த கஞ்சி, சமையல் முடிந்த பிறகு அடுப்பின்மேல் சும்மா வைத்த தண்ணீர், இவை ஏற்கெனவே சூடானவை. புதிதாக ஒரு விறகும் எரிக்க வேண்டாம். கஞ்சியால் அலசினால் பிறகு ஒரு தடவை பச்சைத் தண்ணீர் விடுங்கள், இல்லாவிட்டால் மாவு படிந்து புளிக்கும்.

யோகட் கப்புக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. ஒரு கப் 5 கிராம் அளவு. அதைச் செய்ய ஆன மொத்தச் சக்தியே அரை மெகாஜூல். விறகு அடுப்பில் சுடவைத்த அரை லீட்டர் தண்ணீரால் அதைக் கழுவினால் கப்பைச் செய்ததைவிடக் கழுவியதற்கு அதிகம் செலவாகிவிட்டது. பச்சைத் தண்ணீரில் அலசி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வையுங்கள். அதையும் எடுக்காத கடை என்றால் அடியில் மூன்று துளை போட்டு லீக்ஸ், கோவா நாற்றுப் போடுங்கள். நாற்றுப் போட வேறு பேக் வாங்குவது நின்றால் அது உண்மையான மிச்சம்.

அடுத்தது ஓட்டோ. போய்வர 24 கிலோமீட்டர் என்று வைத்தால், மேடும் பள்ளமுமான பாதையில் ஒரு லீட்டர் பெட்ரோல் ஆகும், 32 மெகாஜூல். அந்தப் பயணம் போத்தலுக்காக மட்டும் என்றால் 17 போத்தல் கொண்டுபோனால்தான் சக்திக் கணக்கு சரிக்குச் சரி. பத்துப் போத்தலோடு போனால் நட்டம். நூறு போத்தல், அதாவது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட, கொண்டுபோனால் 190 மிச்சத்தில் 32 போய் 158 நிற்கும். சம்பளம் எடுத்துச் சாமான் வாங்க எப்படியும் டவுனுக்குப் போகிற நாளில் அதே ஓட்டோவில் மூட்டையையும் போட்டால் அந்த 32கூட இல்லை. நூறு போத்தலுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பயப்படாதீர்கள்: நசுக்கியது என்றால் 50 கிலோ உரப் பை ஒன்றுக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும்.

நசுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. மூடியைத் திறந்து, நடுவில் அழுத்தி, துணி பிழிவதுபோல் ஒரு முறுக்கு முறுக்கி, அந்த நிலையிலேயே மூடியைப் போட்டு இறுக்குங்கள். மூடி இல்லாவிட்டால் போத்தல் மறுபடி காற்றை இழுத்துப் பழைய உருவத்துக்கு வந்துவிடும். மூடி வேறு வகைப் பிளாஸ்டிக் ஆயிற்றே என்றால், ஆலையில் நொறுக்கிய பிறகு தண்ணீர்த் தொட்டியில் போடும்போது பெட் துண்டு அடியில் போகும், மூடித் துண்டு மிதக்கும். அங்கே தானாகப் பிரியும். சில கடைகள் மூடியைத் தனியாகக் கேட்கும், அப்படிக் கேட்டால் மட்டும் கழற்றுங்கள். உரப் பையின் அடியில் நாலைந்து துளை போட்டு, கூரை இறப்புக்குக் கீழே தூக்கிக் கட்டுங்கள். தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் தரையில் வைத்த மூட்டைக்குள் தண்ணீர் நின்று பூசணம் பிடிக்கும், கடைக்காரர் எடையில் கழிப்பார், லொறி பிளாஸ்டிக்குக்குப் பதில் தண்ணீரைச் சுமக்கும்.

இனி எல்லோரும் பழிபோடும் அந்த லொறி. ஹட்டனிலிருந்து கொழும்புப் பக்கம் 130 கிலோமீட்டர், போய்வர 260. நடுத்தர லொறி ஒன்று லீட்டருக்கு 6 கிலோமீட்டர் ஓடினால் 43 லீட்டர் டீசல், அதாவது சுமார் 1,550 மெகாஜூல். அதன் பெட்டியின் கொள்ளளவு 18 கன மீட்டர் என்று வைப்போம். நசுக்காத போத்தல் ஒரு கன மீட்டருக்கு 20 கிலோதான் பிடிக்கும். லொறி நிறைந்து வழியும், ஆனால் ஏறியிருப்பது 360 கிலோ. கிலோவுக்கு 4.3 மெகாஜூல். கையால் நசுக்கிய போத்தல் என்றால் இரண்டு மடங்கு ஏறும், 2.2 ஆகிவிடும். இயந்திரத்தில் அழுத்திக் கட்டிய பேல் என்றால் மூன்று தொன் ஏறும், வெறும் 0.5. அழுத்தும் இயந்திரத்துக்கு ஆகும் கரண்ட் கிலோவுக்கு ஒரு மெகாஜூலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆக மிக மோசமான நிலையிலும், காற்றைச் சுமந்துகொண்டு லொறி போனாலும், 60 மிச்சத்தில் 4.3தான் பாதையில் போகிறது. சக்தியைப் பொறுத்தவரை தூரம் ஒரு சாக்கே அல்ல. பணத்தைப் பொறுத்தவரைதான் தூரம் கொல்கிறது. 360 கிலோ விற்ற காசில் 43 லீட்டர் டீசலும் டிரைவர் சம்பளமும் கழித்தால் கடைக்காரர் கையில் என்ன நிற்கும்? மலைநாட்டில் பல கடைகள் பிளாஸ்டிக்கை எடுக்கத் தயங்குவதற்குக் காரணம் இதுதான், அக்கறையின்மை அல்ல. நகர சபையோ பிரதேச சபையோ அழுத்தும் இயந்திரம் ஒன்றை வைத்து, மேலே அரிசி, மா, சாமான் கொண்டுவந்துவிட்டு வெறுமனே இறங்குகிற லொறிகளில் பேலை ஏற்றிவிட்டால், அந்தப் பயணத்தின் டீசல் எப்படியும் எரிவதுதான். கூடுதல் செலவு சொற்பம். இதை உங்கள் பகுதி உறுப்பினரிடம் கேட்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். ஒரு தோட்டத்தால் இது ஆகாது: 200 குடும்பம் மாதம் ஐந்து போத்தல் போட்டாலும் 32 கிலோதான் சேரும். மூன்று தொன்னுக்கு முழு டவுனும் சுற்றியுள்ள தோட்டங்களும் சேர வேண்டும்.

ஆலைக்குள் போன பிறகு எங்கே பிழைக்கிறது என்பதும் முக்கியம், ஏனென்றால் அந்தப் பிழை பெரும்பாலும் வீட்டில்தான் தொடங்குகிறது. போத்தலைச் சின்னத் துண்டாக நொறுக்கி, காரத் தண்ணீரில் கழுவி, மிதப்பதையும் மூழ்குவதையும் பிரித்து, நன்றாக உலர்த்தி, 270, 280 பாகையில் உருக்குகிறார்கள். உலர்த்தல் சரியில்லாவிட்டால் மிஞ்சிய ஈரமே உருகிய பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலியை அறுத்து அதைப் பலவீனமாக்கிவிடும். நம் நாட்டில் ஹொரணைப் பக்கம் இப்படி எடுத்ததை நூலாகவும் பிரஷ் இழையாகவும் மாற்றுகிறார்கள். இந்த ஓட்டத்தில் பிவிசி என்னும் 3ஆம் இலக்கப் பிளாஸ்டிக் கொஞ்சம் கலந்தாலும் போதும்: அதுவும் தண்ணீரில் மூழ்குவதால் தொட்டியில் பிரியாது, பெட் உருகும் சூட்டில் கருகி அமிலத்தை வெளியிட்டு முழுத் தொகுதியையும் மஞ்சளாக்கிவிடும். மண்ணெண்ணெய் வைத்த போத்தல் இன்னொரு வில்லங்கம். எண்ணெய் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிவிடும், எந்தக் கழுவலிலும் முழுதாகப் போகாது. அதைத் தனியாக வைத்து மண்ணெண்ணெய்க்கே பாவியுங்கள், மூட்டைக்குள் போடாதீர்கள்.

இலக்கம் அழிந்துபோன துண்டு என்றால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். நகத்தளவு வெட்டித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் அது 2, 4, 5ஆம் இலக்கங்களில் ஒன்று: கேன், பேக், ஐஸ்கிரீம் டப்பா, மூடி வகை. மூழ்கினால் ஒரு கிளாஸ் தண்ணீரில் இனிக் கரையாது என்ற அளவுக்கு உப்பைக் கரைத்து அதில் போடுங்கள். இப்போது மிதந்தால் யோகட் கப் வகை, 6ஆம் இலக்கம். அப்போதும் மூழ்கினால் பெட் அல்லது பிவிசி. துண்டில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் பொய் சொல்லும். விரலால் தேய்த்துவிட்டுப் போடுங்கள்.

மீள்பாவனை பற்றி இப்போது. சக்திக் கணக்கில் மீள்சுழற்சியைவிட இது மேலானது, ஒரு நிபந்தனையோடு: நீங்கள் திரும்பப் பாவிக்கும் பொருள் புதிதாக ஒன்றை வாங்குவதைத் தடுக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தலில் மறுபடி தண்ணீர் நிரப்பிப் பிள்ளையின் ஸ்கூல் பையில் வைத்தால், புதுப் போத்தல் ஒன்று வாங்காமல் விட்ட ஒவ்வொரு தடவையும் 3.2 மெகாஜூல் முழுதாக மிச்சம். அதையே வெட்டிப் பூச்சாடியாக்கி வாசலில் தொங்கவிட்டால், பூச்சாடி வாங்கும் எண்ணமே இல்லாத வீட்டில் மிச்சம் ஒன்றுமில்லை. வெயிலில் நாளடைவில் நொறுங்கி மண்ணோடு கலந்து, மீள்சுழற்சிக்கும் உதவாமல் போகும். பாடசாலைகளில் போத்தலில் கைவேலை செய்யச் சொல்வது நல்ல மனதோடுதான், ஆனால் வர்ணமும் பசையும் பூசிய போத்தலை ஆலை எடுக்காது. அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு நசுக்கவும் இலக்கம் பார்த்துப் பிரிக்கவும் கற்றுக்கொடுத்தால் எவ்வளவோ நல்லது.

பெட் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றவே கூடாது. 70, 75 பாகையில் அது இளகிச் சுருங்கிவிடும், பொருளிலிருந்து சில இரசாயனங்கள் தண்ணீருக்குள் இறங்குவதும் சூட்டோடு கூடும். குளிர் நாளில் போர்வைக்குள் வைக்க அதில் சுடுதண்ணீர் ஊற்றும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. மூடி வழியாகக் கசிந்து தோல் வெந்துபோகும் ஆபத்தும் சேர்ந்தது. 5ஆம் இலக்க ஐஸ்கிரீம் டப்பா கொதிநீரையும் தாங்கும். மிளகாய்த்தூள், கருவாடு, பருப்பு வைக்க அதைவிட நல்ல பாத்திரம் வாங்க வேண்டியதில்லை.

வேலைக்குச் சாப்பாடு கட்டுவதில் கணக்கு சுவாரசியமானது. லன்ச் ஷீட் ஒன்று 2 கிராம்தான், 0.18 மெகாஜூல். எவர்சில்வர்ச் சாப்பாட்டுப் பெட்டி 400 கிராம் என்றால் அதைச் செய்ய 24 மெகாஜூல் அளவு போயிருக்கும். 130 வேலை நாளில் பெட்டி சரிக்குச் சரி வந்துவிடும். அதற்குப் பிறகு பத்து வருடம் பாவித்தாலும் எல்லாம் மிச்சம். ஆனால் தினமும் அதை விறகில் சுடவைத்த ஒரு லீட்டர் தண்ணீரில் கழுவினால், ஒவ்வொரு கழுவலுக்கும் ஏழு ஷீட்டின் சக்தி போகிறது. எத்தனை வருடமானாலும் பெட்டி வெல்லாது. சாம்பல், சவர்க்காரம், பச்சைத் தண்ணீர், வெயில் இந்த நாலும் போதும். உணவு சுற்றும் பொலித்தீன் தாள் 2017 செப்டெம்பரிலிருந்து நம் நாட்டில் தடை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; றெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிக்கும் அன்றே தடை வந்தது.

பைகளிலும் இதே நியாயம். 2011இல் பிரித்தானியச் சுற்றாடல் முகவரகம் வெளியிட்ட ஆய்வில், வெப்பமாக்கும் வாயுக் கணக்கில், புதுப் பருத்திப் பை ஒன்று மெல்லிய பேக்கைவிட மேலாக வர 131 தடவை பாவிக்க வேண்டும் என்றும், பிளாஸ்டிக் நாரால் ஆன துணிப் பைக்கு 11 தடவையே போதும் என்றும் கண்டார்கள். ஆகவே கூட்டங்களில் இலவசமாகக் கொடுக்கும் பருத்திப் பையை வாங்கி வீட்டில் குவிப்பது நன்மை அல்ல. பழைய சேலையில் தைத்த பைக்கு இந்த 131 பொருந்தாது, துணி ஏற்கெனவே இருந்தது.

இனி அடுப்பில் போடுவது. மழைக்காலத்தில் ஈர விறகு பற்றவைக்கப் பொலித்தீன் கொளுத்துவது இங்கே பல வீடுகளில் நடக்கிறது, ஏன் என்பதும் புரிகிறது. ஆனால் 5 கிராம் ஷொப்பிங் பேக் எரிந்தால் வருவது 0.2 மெகாஜூல், 14 கிராம் காய்ந்த சுள்ளியில் வருவதும் அவ்வளவுதான். பெட் போத்தல் அதைவிடக் குறைவு, கிலோவுக்கு 23 மெகாஜூல். ஒரு போத்தலை எரித்தால் 50 கிராம் விறகுக்குச் சமமான நெருப்பு, அதிலும் பானைக்குப் போவது பத்தில் ஒன்று. 3.2 மெகாஜூல் போட்டுச் செய்ததை எரித்து 0.1க்கும் குறைவாகப் பானைக்கு எடுக்கிறோம். அடுப்புச் சூட்டில் பிளாஸ்டிக் முழுதாக எரிவதில்லை. கரும் புகையோடு புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் வருகின்றன. யோகட் கப்பில் ஸ்டைரீன், பிவிசியில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் டையொக்சினும். ஜன்னல் சிறிதாக உள்ள லயத்து வீட்டில் அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது அடுப்படியில் நிற்பவரும் அவர் பக்கத்தில் தவழும் பிள்ளையும். பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் 2017இலிருந்து சட்டப்படி குற்றம். ஈர விறகுக்கு ஒரே மருந்து அடுத்த நாள் விறகை இன்றே அடுப்பின் மேல் பரணில் அடுக்கி உலரவைப்பது.

ஆலைகளில் எரிப்பது வேறு கதை. புத்தளம் சீமெந்து ஆலையின் சூளையில் பொருள் 1,450 பாகைக்குச் சூடாகிறது, சுவாலை அதைவிட எவ்வளவோ மேலே. அங்கே ஒரு கிலோ பொலித்தீன் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நிலக்கரியைக் குறைக்கும். கெரவலப்பிட்டியில் 2021இல் தொடங்கிய குப்பையிலிருந்து மின் எடுக்கும் 10 மெகாவாட் நிலையமும் இருக்கிறது. ஆனால் அப்படி மின்சாரமாக்கினால் பொலித்தீன் சூட்டில் நாலில் ஒரு பங்கு அளவே மின்னாகக் கிடைக்கும், கிலோவுக்கு 10 மெகாஜூல். மீள்சுழற்சியின் 60க்கு அது கிட்டவும் வராது. பிஸ்கட் உறை, பால்மா பக்கெட், ஷம்பு பக்கெட் போன்றவை இரண்டு மூன்று படலம் ஒட்டியவை, பிரிக்க முடியாது. அவற்றுக்குச் சீமெந்துச் சூளைதான் இருக்கிற நல்ல வழி. உங்கள் சபை அப்படி அனுப்புகிறதா என்று விசாரித்துவிட்டுத் தனி மூட்டையில் சேருங்கள். அனுப்பவில்லை என்றால், மூட்டை கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுப்பதைத் தவிர வீட்டில் செய்யக்கூடியது இல்லை.

வீசிவிடுவதற்கு அந்த நேரத்தில் சக்தி எதுவும் ஆகாது, அதனால்தான் அது சுலபமாகத் தெரிகிறது. போவது பொருளில் இருந்த கிலோவுக்கு 100 மெகாஜூல். மலைநாட்டில் அது அங்கேயே நிற்பதும் இல்லை. லயத்துக்குப் பின்னால் பள்ளத்தில் கொட்டியது முதல் பெருமழைக்கே கானுக்கும், கானிலிருந்து ஆற்றுக்கும் போகும். கெசல்கமு ஓயாவில் விழுந்தால் காசல்ரீ நீர்த்தேக்கம், மஸ்கெலியா ஓயாவில் விழுந்தால் மவுசாக்கலை, நானு ஓயாவில் விழுந்தால் தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை. இவை எல்லாம் நாட்டுக்குக் கரண்ட் தரும் தண்ணீர். மின்நிலையத்துக்குத் தண்ணீர் போகும் சுரங்கத்தின் வாயிலில் உள்ள இரும்புக் கம்பித் தட்டியில் பொலித்தீன் படிந்தால் தண்ணீரின் அழுத்தம் அங்கேயே குறையும், அதே தண்ணீரில் குறைந்த மின் வரும், தட்டியைச் சுத்தம் செய்ய ஆளும் இயந்திரமும் வேண்டும். கான் அடைபட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிச் சரிவை ஊறவைக்கும். மண்சரிவு அபாயம் உள்ள இடத்தில் இது எந்தச் சக்திக் கணக்கையும்விடப் பெரியது.

ஷொப்பிங் பேக்கைக் கழுவி, காயவைத்து, சேர்த்து அனுப்புவது 5 கிராமுக்குப் பெரிய பாடு. அது மண்ணும் கறியும் படாமல் இருந்தால் திரும்பத் திரும்பப் பாவியுங்கள், கிழிந்த பிறகு சுத்தமானதை மட்டும் ஒரு பேக்குக்குள் திணித்துக் கொடுங்கள். மீன் கொண்டுவந்த பேக்கைக் கழுவ வேண்டாம். 2025 நவம்பரிலிருந்து கடைகளில் பேக்கை இலவசமாகக் கொடுக்கக்கூடாது என்று ஆகியிருப்பதால், கையில் பை கொண்டுபோகிறவருக்குக் காசும் மிச்சம்.

மரக்கறித் தோட்டம் செய்பவர்களுக்கும் தேயிலைக்கு மருந்தடிப்பவர்களுக்கும் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். மருந்துக் கேன் பார்க்க உறுதியாக, வாயகன்று, தண்ணீர் எடுக்கத் தோதாக இருக்கும். எத்தனை தடவை கழுவினாலும் அதில் குடிநீரோ பாலோ எண்ணெயோ வைக்கக்கூடாது. மருந்து பிளாஸ்டிக்குக்குள் ஊறியிருக்கும். கேன் காலியானதும், காய்வதற்கு முன், கால் பங்கு தண்ணீர் விட்டு மூடி 30 செக்கன் குலுக்கி, அந்தத் தண்ணீரை மருந்தடிக்கும் தாங்கிக்குள்ளேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று தடவை. அலசிய தண்ணீர் பீலிக்கோ கானுக்கோ போகக்கூடாது. பிறகு அடியில் கம்பியால் குத்தி ஓட்டை போட்டு, வேறு எதனோடும் கலக்காமல் தனிப் பையில் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மருந்து விற்ற கடையோ விவசாயத் திணைக்களத்தின் பகுதி அலுவலரோ திருப்பி எடுக்கும் ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். பழைய போத்தல் எடுக்கும் கடைக்குப் போகும் மூட்டையில் அதைச் சேர்க்க வேண்டாம். அங்கே வெறும் கையால் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.